சங்கக் கடையும் கடன் கொப்பியும்

இலங்கையின் வன்னிக் கிராமம் ஒன்றில் அங்கத்தவர்களின் பங்குப்பணத்தைக் கொண்டு கடை தொடங்க எண்ணுபவர்கள், கட்டடத்தையும் பொருள் அடுக்கும் இறாக்கைகளையும் பற்றி யோசிக்கும் முன்பு, ஊரவர்களுக்குச் சங்கக் கடை என்ற சொல் எதை நினைவூட்டுகிறது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். 1957 முதல் உருவான பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களில் நம் பெற்றோர் பங்கீட்டுக் கூப்பனுக்கு அரிசியும் சீனியும் வாங்கினார்கள். போர்க்காலத்திலும் மீள்குடியேற்றத்தின் பின்னரும் நிவாரணப் பொருட்கள் அச்சங்கங்களின் கிளைகள் வழியாகவே நம் கைக்கு வந்தன. ஆகவே பலரது மனதில் சங்கக் கடை அரசாங்கத்தின் கடையாகவே பதிந்துவிட்டது. அரசாங்கத்தின் கடை என்று நினைப்பவர் கடனைத் திருப்பிக் கொடுக்கத் தயங்குவார். பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டும் முதற் கூட்டத்திலேயே இதை வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது.

சங்கத்தைப் பதிவு செய்வது நீங்கள் அஞ்சும் அளவுக்குக் கடினமன்று. உங்கள் பிரிவின் கூட்டுறவு அபிவிருத்தி உத்தியோகத்தரைச் சந்தித்தால் உபவிதிகளை எழுத வழிகாட்டுவார். ஒருவர் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் அவருக்கு ஒரு வாக்கு மட்டுமே என்பதை ஊரவர்களுக்குத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

முதற் கொள்முதலை அரிசி, மா, சீனி, பருப்பு, தேயிலை, உப்பு, தேங்காய் எண்ணெய், சவர்க்காரம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். மண்ணெண்ணெய் விற்பதானால் அதற்குத் தனிக் கொட்டில் போட வேண்டும். ஒரு முறை மாவில் வாடை ஏறிவிட்டால் அந்த மூட்டையை யாருக்கும் விற்க முடியாது. இவற்றையெல்லாம் விடத் தராசையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். 50 கிலோ சீனி மூட்டையை 250 கிராம் சரைகளாக, அதாவது சிறு பொட்டலங்களாகக் கட்டினால் 200 சரைகள் வரும். ஒவ்வொரு சரையிலும் 5 கிராம் கூடிப் போனால் ஒரு கிலோ சீனி கணக்கில் குறையும். ஒரு மூட்டையின் லாபம் இரண்டு கிலோவின் விலை அளவே என்று வைத்துக்கொண்டால், கடையின் உழைப்பில் பாதி அந்தச் சரைகளோடு போய்விடுகிறது. விற்பனையாளர் நேர்மையானவராக இருந்தும் இது நடக்கும். ஆதலால் சரை கட்டும்போது நிர்வாக சபையில் ஒருவர் பக்கத்தில் இருந்து பத்துக்கு ஒன்றையாவது திரும்ப நிறுத்துப் பார்க்க வேண்டும்.

இனிக் கடன். 1844 இல் இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் 28 பேர் தொடங்கிய கூட்டுறவுக் கடையில் காசுக்கு மட்டுமே பொருள் விற்றார்கள். கூலி வாங்கி வாழ்ந்தவர்களுக்கு அது இயன்றது. ஐப்பசியில் விதைத்து மாசி, பங்குனியில் காலபோக நெல்லை வெட்டும் நமக்கு, இடைப்பட்ட மாதங்களில் கையில் காசு இருப்பதில்லை. கடனே இல்லை என்று அறிவித்தால் அங்கத்தவர்கள் தனியார் கடைக்குத்தான் போவார்கள்.

எங்கள் சங்கத்தில் நான் பொருளாளராக இருந்த முதல் வருடத்தில் எல்லை எதுவும் வைக்காமல் கடன் கொடுத்தோம். தை மாதத்தில் இறாக்கையில் உப்பும் நெருப்புப் பெட்டியுமே மிஞ்சியிருந்தன. கடன் கொப்பி மட்டும் நிறைந்திருந்தது. மொத்த வியாபாரி மேற்கொண்டு பொருள் தர மறுத்துவிட்டார். அறுவடை முடிந்து வீடு வீடாகப் போனபோதுதான், பசளைக்குக் கடன் கொடுத்த முதலாளி வயலிலேயே நெல்லை ஏற்றிக்கொண்டு போய்விட்டார் என்பதும், சங்கத்தின் கடனை ஊரவர்கள் கடைசியாகக் கொடுக்கும் கடனாக வைத்திருந்தார்கள் என்பதும் தெரிந்தன. அவர்கள்மீது எனக்குக் கோபமில்லை. ஒழுங்கை வகுக்காதது எங்கள் பிழை.

அடுத்த போகத்திற்கு முன் ஒவ்வொரு அங்கத்தவருக்கும் அவரது பங்குப்பணத்தை அடிப்படையாகக் கொண்டு ஓர் எல்லையைப் பொதுச்சபையில் தீர்மானித்து, கடைச் சுவரில் எழுதி ஒட்டினோம். இந்த எல்லையை மீறும் அதிகாரத்தை விற்பனையாளரிடம் ஒருபோதும் விடாதீர்கள். "தம்பி, நெல்லு வித்தவுடன தாறன்" என்று சொந்த மாமி வந்து நிற்கும்போது அந்தப் பிள்ளை எப்படி மறுப்பான்? சுவரைக் காட்டி, "மாமி, சபை முடிவு" என்று சொல்ல அவனுக்கு ஒரு வழி வேண்டும். ஒவ்வொரு கடனையும் கடைக் கொப்பியிலும் அங்கத்தவரின் கொப்பியிலும் ஒரே நேரத்தில் எழுதி, இரண்டிலும் கையொப்பம் வாங்க வேண்டும். வயலில் வெட்டு மெசின் இறங்கும் நாளை முன்கூட்டியே கேட்டறிந்து, நெல் விற்கும் அன்றே இருவர் போய்ப் பணத்தைப் பெற்று, அந்த இடத்திலேயே பற்றுச்சீட்டு எழுதிக் கொடுங்கள்.

மாதக் கடைசியில் கடையை அரை நாள் பூட்டி இருப்பெடுங்கள். மூட்டைகளை எண்ணினால் மட்டும் போதாது, உடைத்த மூட்டைகளை நிறுக்கவும் வேண்டும். வெறுஞ் சாக்கின் நிறையைக் கழிப்பதற்கு மறவாதீர்கள். இருப்பின் பெறுமதி, கையிலுள்ள காசு, வரவேண்டிய கடன், மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டியது என்ற நான்கு தொகைகளையும், எண்ணிய இருவரின் கையொப்பத்தோடு, கடன் எல்லைப் பட்டியலுக்குப் பக்கத்தில் அன்று மாலையே ஒட்டிவிட்டுக் கடையைத் திறவுங்கள்.