காப்புப் பிரதிகளை நெடுங்காலம் பாதுகாத்து மீட்டெடுக்கும் முறை

அன்றாடக் காப்புப் பிரதி வேறு, பத்து ஆண்டுகள் கழித்துத் திறக்க வேண்டிய பிரதி வேறு. குடும்பப் படங்களையும் பத்திரங்களின் ஸ்கேன்களையும் ஒரே கோப்புறையில் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பு எண்ணை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்படும், கைரேகை போன்ற அடையாளம்) கணக்கிட்டு, அந்தப் பட்டியலையும் உரைக் கோப்பாக உடன் வையுங்கள். கோப்பில் ஒரு பிட் (தரவின் மிகச் சிறிய அலகு) மாறினாலும் எண் முற்றிலும் வேறாகிவிடுவதால், கண்ணுக்குத் தெரியாத சேதமும் பிடிபடும். பிறகு இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் நகலெடுத்து, மாதமும் ஆண்டும் எழுதி ஒட்டி, ஒன்றை வெளியூர் உறவினர் வீட்டில் வையுங்கள். பென் டிரைவை இதற்கு நம்பவே வேண்டாம்: மின்சாரமின்றி நெடுநாள் கிடந்தால் அதன் மின்னூட்டம் கசிந்து தரவு அழியக்கூடும். கடவுச்சொல் இல்லாமல் திறக்க முடியாதபடி மறையாக்கம் செய்திருந்தால் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, அசல் பத்திரங்களோடு பத்திரப்படுத்துங்கள். ஆண்டுக்கொருமுறை இரண்டு டிஸ்க்குகளிலும் எண்களைச் சரிபார்த்து, சில கோப்புகளை வேறொரு கணினியில் மீட்டெடுத்துத் திறந்து பாருங்கள்.