வார்டில் முதல் முறை நோட்ஸ் எழுதுகிறவர்களுக்கு: ஒரு பாம்புக்கடி கேஸை வைத்து

நர்சிங் முடித்து ஈரோடு, திருப்பூர், கோவைப் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் புதிதாக டூட்டிக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஹவுஸ் சர்ஜன்களுக்கும் (பயிற்சி டாக்டர்கள்) முக்கால்வாசி பொருந்தும். ஊசி போட, வெயின் பிடிக்க எல்லோரும் சீக்கிரம் பழகிவிடுகிறார்கள். கேஸ் ஷீட்டைக் கையில் கொடுத்தால்தான் பேனா நின்றுவிடுகிறது. கடைசியில் "பேஷண்ட் ஸ்டேபிள், டாக்டரிடம் சொல்லப்பட்டது" என்று ஒரு வரி. காலை டூட்டிக்கு வருபவர் அந்த நோயாளியை முன்பின் பார்த்ததில்லை. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

நம் பக்கம் அடிக்கடி வருகிற கேஸையே எடுத்துக்கொள்வோம். மஞ்சள் தோட்டத்தில் ராத்திரி தண்ணி கட்டப் போனவர், காலில் பாம்பு கடித்து வருகிறார். நோட்ஸ் ஆங்கிலத்தில்தான் எழுதுவோம். இங்கே விளங்குவதற்காகத் தமிழில் கொடுக்கிறேன். ஆளும் நேரமும் கற்பனை.

முதல் படி: பெயர், ஐ.பி. நம்பர், நேரம்

ஒவ்வொரு பக்கத்திலும் பெயர், வயது, ஐ.பி. நம்பர் (உள்நோயாளி எண்) இருக்க வேண்டும். தாள் கழன்று பக்கத்து கேஸ் ஷீட்டுக்குள் போய்விடும். ஒரே வார்டில் இரண்டு பழனிசாமி, மூன்று சுப்பிரமணி படுத்திருக்கிற ஊர் இது. நேரத்தை 24 மணிக் கணக்கில் எழுதுங்கள்.

இரண்டாம் படி: கேட்டு எழுதுவது

"எப்பங்க கடிச்சுது?" என்று கேட்டால், "இப்பத்தானுங்க, செத்த நேரத்துக்கு முந்தி" என்பார்கள். அதை வைத்து எதுவும் எழுத முடியாது. "மும்முனைக் கரண்டு எத்தனை மணிக்கு வந்துச்சுங்க? மோட்டார் போட்டதுக்கு முந்தியா, அப்புறமா?" என்று கேட்டுப் பாருங்கள், நேரம் தானாக வந்துவிடும். யார் சொன்னது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்: "கடித்த நேரம் சுமார் 20.30, மனைவி சொன்னது."

பாம்பைப் பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்றே எழுத வேண்டும். "கண்ணாடி விரியன்" என்று கூட வந்தவர் சொன்னால், அவர் சொன்னதாக எழுதுங்கள். நீங்கள் முடிவு செய்ததுபோல எழுத வேண்டாம். கயிறு கட்டினார்களா, பிளேடால் கீறினார்களா, பச்சிலை கொடுத்தார்களா என்பதையும் கேளுங்கள். திட்டாமல் கேளுங்கள், திட்டு விழும் என்று தெரிந்தால் பச்சிலை விஷயம் வெளியே வரவே வராது. சர்க்கரை, பிரஷர் மாத்திரை உண்டா, கடைசியாக எப்போது போட்டார், எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா? அலர்ஜி கட்டத்தைக் காலியாக விட்டால், அலர்ஜி இல்லையா, நீங்கள் கேட்கவே இல்லையா என்று படிப்பவருக்குத் தெரியாது.

மூன்றாம் படி: கண்டதும் அளந்ததும்

"காலில் வீக்கம் உள்ளது" என்று மட்டும் எழுதினால், ஒரு மணி நேரம் கழித்து அது ஏறியிருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. இப்படி எழுதலாம்:

22.15 – வலது கணுக்காலுக்கு மேல் இரண்டு பல் தடம், ரத்தம் கசிகிறது. வீக்கம் முழங்காலுக்கு 8 செ.மீ. கீழே வரை, விளிம்பில் பேனாவால் கோடு போட்டு நேரம் எழுதியுள்ளேன். கெண்டைக்கால் சுற்றளவு வலது 37 செ.மீ., இடது 33 செ.மீ. நாடி 104, பி.பி. 110/70, மூச்சு 20. இமை தொங்கவில்லை. ஈறில் ரத்தம் இல்லை. வந்ததிலிருந்து சிறுநீர் போகவில்லை.

அந்த "இல்லை"களை வெட்டி வரிகள் என்று நினைக்காதீர்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன் விஷம் நரம்பைத் தாக்கும். இமை தொங்குவது முதலில் தெரிகிற அறிகுறிகளில் ஒன்று. ராத்திரி 2 மணிக்கு இமை தொங்கினால், கடைசியாக எப்போது சரியாக இருந்தது என்று டாக்டர் கேட்பார்.

நான்காம் படி: செய்தது, சொன்னது, அப்புறம் என்ன ஆனது

அதிகம் விட்டுப்போவது இங்கேதான்.

22.20 – புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. ரத்தம் எடுத்து, உறைகிறதா என்று பார்க்க அசைக்காமல் வைத்தேன்.
22.40 – சாய்த்துப் பார்த்தேன். உறையவில்லை.
22.42 – டூட்டி டாக்டருக்குப் போன். சோதனை முடிவும் பி.பி.யும் சொன்னேன். 22.47க்கு வந்து பார்த்தார்.
22.55 – அவர் உத்தரவுப்படி ஏ.எஸ்.வி. (பாம்பு விஷ முறிவு மருந்து) 10 குப்பி, சலைனில், ஒரு மணி நேரத்தில் ஏறும்படி தொடங்கப்பட்டது. மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் போட அட்ரினலின் பக்கத்தில் தயார்.
23.05 – அரிப்பு, தடிப்பு, இழைப்பு இல்லை. பி.பி. 110/70.
அடுத்த ரத்தச் சோதனை 05.00க்கு, டாக்டர் உத்தரவு.

"டாக்டரிடம் சொல்லப்பட்டது" என்பதில் எந்த டாக்டர், எத்தனை மணி, என்ன சொன்னீர்கள், அவர் என்ன சொன்னார் என்ற நான்கும் தொலைந்துபோகின்றன. உண்மையான கேஸ் ஷீட்டில் டாக்டர் பெயரையும் மருந்தின் பேட்ச் நம்பரையும் எழுதுங்கள். போனில் உத்தரவு வந்தால் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொண்டு எழுதி, அவர் வந்ததும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். 23.05 வரியைத்தான் பலர் எழுதுவதில்லை. பாராசிட்டமால் கொடுத்ததாக இருக்கும், காய்ச்சல் இறங்கியதா என்று இருக்காது.

டாக்டர்கள் எழுதும் தினசரி நோட்ஸுக்கு சோப் (SOAP, நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள்) முறை உண்டு: நோயாளி சொன்னது, நாம் கண்டது, நம் கணிப்பு, அடுத்த திட்டம். அமெரிக்க டாக்டர் லாரன்ஸ் வீட் 1960களில் முன்வைத்த பதிவு முறையிலிருந்து வந்தது. மேலே உள்ள வரிகளையும் அதில் அப்படியே அடுக்கிவிடலாம்.

ஐந்தாம் படி: அளவும் திருத்தமும்

யூனிட் என்பதை முழுசாக எழுதுங்கள். ஆங்கில யு என்று ஒற்றை எழுத்தாகச் சுருக்கினால் அவசரக் கையெழுத்தில் அது சுழியாகத் தெரியும். 4 யூனிட் இன்சுலின் 40 ஆகிவிடும். அரை மி.கி. என்றால் 0.5, ஐந்து என்றால் வெறும் 5. அதை 5.0 என்று எழுதினால் புள்ளி மறைந்து 50 ஆகும்.

தப்பாக எழுதிவிட்டால் ஒரே கோடு. அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் கையெழுத்து, தேதி, நேரம். ஒயிட்னர் வேண்டாம். பிந்தி எழுதினால் "தாமதப் பதிவு" என்று குறித்து, நடந்த நேரம், எழுதிய நேரம் இரண்டையும் போடுங்கள். 6 மணி பி.பி.யை நாலரைக்கே எழுதி வைக்கிற பழக்கம் சில வார்டில் உண்டு. சீனியரே சொன்னாலும் செய்யாதீர்கள். கம்ப்யூட்டரில் எழுதும் இடங்களில் நேற்றைய நோட்ஸை நகலெடுத்து ஒட்டுவதும் இதே ரகம்தான். வீக்கம் வடிந்த பிறகும் நோட்ஸில் வீங்கிக்கொண்டே இருக்கும்.

வழக்கு வந்துவிடுமோ என்று பயந்து பக்கம் பக்கமாக எழுதுகிறவர்களும் உண்டு. நடுராத்திரி அதில் வேண்டியதைத் தேடி எடுக்க முடியாது. ஆனால் சட்டம் தெரிந்திருக்க வேண்டும்: இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகள்படி, உள்நோயாளி பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 வருடம் டாக்டர் வைத்திருக்க வேண்டும், நோயாளி தரப்பில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அதனால் வெறும் கிறுக்கல் கையெழுத்தோடு விடாமல், கீழே பெயரையும் பதிவு எண்ணையும் படிக்கும்படி எழுதிவிடுங்கள்.