கூழுக்கு இரண்டு இரவு வேண்டும்

சித்திரை வெயில் ஏறியதும் தருமபுரி, கிருஷ்ணகிரி சாலையோரங்களில் கூழ்ப் பானைகள் வந்துவிடுகின்றன. அங்கே குடித்துவிட்டு வீட்டில் செய்து பார்ப்பவர்களில் பலர், பாட்டியின் கைப்பக்குவம் வரவில்லை என்று அலுத்துக்கொள்கிறார்கள். பக்குவம் கையில் மட்டும் இல்லை. கேழ்வரகுக் கூழுக்கு இரண்டு இரவு வேண்டும்: மாவு புளிக்க ஒன்று, காய்ச்சிய கூழ் ஆறி ஊற இன்னொன்று. இதில் ஒன்றை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் பெரும்பாலும் கூழ் கெடுகிறது.

முதல் இரவை விட்டுவிடுபவர்கள், மோர் ஊற்றினால் புளிப்பு வந்துவிடுமே என்பார்கள். அது மோரின் புளிப்பு. மாவின் புளிப்பு வேறு. ஒரு டம்ளர் மாவை இரண்டு டம்ளர் தண்ணீரில் கரைத்து, உப்புப் போடாமல், துணியால் மூடி வைத்தால் கோடையில் எட்டுப் பத்து மணி நேரத்தில் மேலே குமிழி தெரியும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அதை உடலுக்குச் சேரவிடாமல் பிடித்து வைக்கும் ஃபைட்டிக் அமிலம் புளிக்கும்போது குறைகிறது. ஈயம் பூசாத பித்தளையில் மட்டும் புளிக்க வைக்காதீர்கள், களிம்பேறும். மண்சட்டி உத்தமம், எவர்சில்வரும் போதும்.

அடுத்தது அடுப்படி. கொதிக்கும் தண்ணீரில் உலர்ந்த மாவைக் கொட்டினால் கட்டி தட்டும். மேல்மாவு சூட்டில் உடனே வெந்து இறுகிவிடுகிறது, உள்ளே தண்ணீர் புகாமல் பச்சை மாவு சிறைப்பட்டுப் போகிறது. பிறகு எவ்வளவு கிண்டினாலும் பயன் இல்லை. கால் டம்ளர் நொய்யை முதலில் குழைய வேகவிட்டு, தீயைத் தணித்து, புளித்த மாவைக் கரைத்தபடியே ஊற்றிக் கிளறவேண்டும். கெட்டியானதும் வெந்துவிட்டது என்று இறக்குவதுதான் எல்லாரும் செய்யும் பிழை. வெளிறிய நிறம் மாறிக் கருத்து, மேலே பளபளப்பு ஏற வேண்டும். நனைத்த விரலால் தொட்டால் ஒட்டக்கூடாது. ஒட்டினால் இன்னும் வேகவில்லை. மறுநாள் நாக்கில் பச்சை வாடை அடிக்கும்.

எங்கள் ஆயா அதை இறக்கி, ஆறவைத்து, மேலே தண்ணீர் ஊற்றி மூடிவிடுவார். பள்ளி விடுமுறையில் நாங்கள் அன்றிரவே கேட்டு நச்சரிப்போம், கிடைக்காது. காலையில் உருண்டையை மோரில் போட்டு, விரல்களுக்கு இடையே பிதுங்கப் பிதுங்க அவர் கரைக்கும்போது நொய் மட்டும் முழுசாக நிற்கும். மிக்சியில் அடித்தால் அந்த நொய் கூழாகி, நுரை தட்டி, குடிப்பது கூழா பாயசமா என்று தெரியாமல் போகும். சூடு ஆறுமுன் மோர் ஊற்றினால் திரிந்துவிடும். உப்பு இப்போதுதான். சின்ன வெங்காயமும் இப்போதுதான். முன்கூட்டியே போட்டு வைத்தால் நாற்றம் அடிக்கும்.

மாவு வாங்க அலைய வேண்டியதில்லை. 2023இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். முழுத் தானியமாக வாங்கி, கல் பொறுக்கி, அரைத்துக்கொண்டால் மணமே தனி.

சர்க்கரை நோய்க்குக் கூழ் மருந்து என்று சொம்பு சொம்பாகக் குடிப்பவர்களும் இருக்கிறார்கள். குழைய வெந்த மாவு இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும், அளவு தேவை.

தொட்டுக்கொள்ள மோர் மிளகாய், கொத்தவரை வற்றல், கருவாடு எதுவும் சேரும். காற்றுக்கு உதிர்ந்த பெங்களூரா மாங்காயைக் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தடவிக் கொடுத்தால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இன்னொரு சொம்பு கேட்பார்கள். கூழுக்குச் சாம்பார் ஊற்றித் தருபவர்களோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.