கடைமடையில் வைத்த பேட்ச்: கிளவுட் வேலைக்கு வருபவர்கள் ஓப்பன் சோர்ஸில் செய்யும் தவறுகள்

போன மாதம் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் போஸ்ட்கிரஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் டேட்டாபேஸ் மென்பொருளில் 40 வரி மாற்றி எழுதிக் கொண்டுவந்து காட்டினான். நன்றாகவே எழுதியிருந்தான். "அப்ஸ்ட்ரீமுக்கு அனுப்பினியா?" என்று கேட்டேன். அப்ஸ்ட்ரீம் என்றால் அந்த மென்பொருளை உருவாக்கிப் பராமரிக்கும் மூலத் திட்டம்; இப்படி அதன் கோடில் செய்யும் மாற்றம்தான் பேட்ச். "சின்ன பேட்ச்தானே அண்ணா, நம்மகிட்டயே வெச்சுக்கலாம். அங்க அனுப்பினா ஒரு வருஷம் இழுப்பாங்க" என்றான்.

2018-ல் என் மேனேஜரிடம் நான் சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான். அதற்கு எவ்வளவு செலவானது என்று அவனுக்குச் சொல்லி முடிக்க ஒரு மதிய இடைவேளை போதவில்லை. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

பாஸ்வேர்டைக் கோடோடு சேர்த்து அனுப்பிவிடுவது, டெஸ்ட் இல்லாமல் அனுப்புவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றை ஒருமுறை செய்தால் யாராவது திட்டுவார்கள், நீங்களும் திருந்திவிடுவீர்கள். நான் சொல்லப்போகும் முதல் தவறுக்கு எனக்குப் பாராட்டு கிடைத்தது.

பேட்ச்சைக் கையிலேயே வைத்துக்கொள்வது

கிளவுடில் டேட்டாபேஸ் சேவை நடத்துபவர்களுக்கு ஒரு அடிப்படைச் சிக்கல் உண்டு. டேட்டாபேஸுக்குச் சொந்தக்காரர்தான் மெஷினுக்கும் சொந்தக்காரர் என்ற எண்ணத்தில் உருவானது போஸ்ட்கிரஸ். அதில் எல்லா உரிமையும் உள்ள சூப்பர்யூசராக இருப்பவர் சர்வரின் கோப்புகளைப் படிக்கலாம், மெஷினின் ஓ.எஸ். (ஆபரேட்டிங் சிஸ்டம்) கட்டளைகளையே ஓட்டலாம். கிளவுடில் மெஷின் நம்முடையது, டேட்டாபேஸ் மட்டும் வாடிக்கையாளருடையது. ஆகவே சூப்பர்யூசர் உரிமையை அவருக்குத் தர முடியாது. தராவிட்டால், சொந்த சர்வரில் சாதாரணமாகச் செய்துகொண்டிருந்த பல வேலைகள் அவருக்கு ஓடாது.

அப்போது நான் வேலை பார்த்த இடத்தில் தினமும் வந்த புகார், எக்ஸ்டென்ஷன் (டேட்டாபேஸுக்குக் கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) போட முடியவில்லை என்பது. நான் உட்கார்ந்து, நாங்கள் அனுமதிக்கும் எக்ஸ்டென்ஷன்களின் பட்டியல் ஒன்றை வைத்து, அவற்றை மட்டும் வாடிக்கையாளரே போட்டுக்கொள்ளும்படி ஒரு பேட்ச் எழுதினேன். இரண்டு நாள் வேலை. புகார்கள் நின்றன. காலாண்டுக் கூட்டத்தில் என் பெயரைச் சொல்லிக் கைதட்டினார்கள்.

அப்புறம் ரெப்ளிகேஷனுக்கு (டேட்டாவை இன்னொரு சர்வருக்கு நகலெடுப்பது) ஒன்று, டிரிகருக்கு (டேபிளில் மாற்றம் வந்தால் தானாக ஓடும் கோடு) ஒன்று என்று வளர்ந்து, இரண்டு வருடத்தில் 23 பேட்ச் ஆகிவிட்டது. போஸ்ட்கிரஸுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு சிறு வெளியீடு உண்டு: பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர். ஒவ்வொரு முறையும் 23-ஐயும் புதிய கோடின் மேல் பொருத்திப் பார்க்க வேண்டும். அதோடு ஆண்டுக்கொரு பெரிய பதிப்பு வேறு. அது வரும்போது உள்ளே ஃபங்ஷன்களின் பெயரே மாறியிருக்கும். "போஸ்ட்கிரஸ் 12 எப்ப வரும்?" என்று வாடிக்கையாளர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், நாங்கள் ஐந்து மாதம் தாமதம். நான்கு பேர் குழுவில் ஒருவர் முழுநேரமாக இதையே பார்த்துக்கொண்டிருந்தார். புதிதாக எதுவும் செய்யவில்லை, பழையதை ஒட்டிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

அப்ஸ்ட்ரீமை நான் தலைமடை என்றுதான் சொல்வேன். எங்கள் ஊரில் வாய்க்கால் பாசனம், அதனால் வந்த பழக்கம். தலைமடையில் பேசி முறை வாங்காமல், கடைமடையில் மண்ணை வெட்டித் தண்ணீரைத் திருப்பிக்கொண்டிருந்தேன். மேலே மடை திறக்கும் ஒவ்வொரு முறையும் என் வரப்பு உடைந்தது.

2020 செப்டம்பரில் போஸ்ட்கிரஸ் 13 வந்தது. வெளியீட்டு அறிவிப்பில் ஒரு வரி: 'டிரஸ்டட்' எக்ஸ்டென்ஷன்கள். டேட்டாபேஸில் கிரியேட் உரிமை இருந்தால் போதும், சூப்பர்யூசர் இல்லாமலேயே அவற்றைப் போட்டுக்கொள்ளலாம். நான் 2018-ல் செய்ததேதான், என்னுடையதைவிடச் சுத்தமாக. ஆனால் ஒரு வித்தியாசம். எக்ஸ்டென்ஷன் உருவாக்கும் டேபிள், ஃபங்ஷன் எல்லாம் என் பேட்ச்சில் வாடிக்கையாளர் பெயரில் நிற்கும். அவர்கள் முறையில் எக்ஸ்டென்ஷன் மட்டும் அவர் பெயரில் இருக்கும், உள்ளே உள்ளவை பொதுவாக சூப்பர்யூசர் பெயரில் இருக்கும். யோசித்துப் பார்த்தால் அதுதான் பாதுகாப்பு. ஆனால் எங்கள் வாடிக்கையாளர்கள் எங்கள் முறையை நம்பி ஸ்கிரிப்ட்டுகள் எழுதிவைத்திருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் பேசி மாற்றி முடிக்க ஏழு மாதம் ஆனது.

அந்த ஏழு மாதம் கூடப் பரவாயில்லை. இன்றும் எரிச்சல் வருவது வேறு ஒன்றுக்கு. இந்த வடிவத்தைப் பற்றி போஸ்ட்கிரஸ் உருவாக்குநர்கள் வெளிப்படையாகத்தான் விவாதித்தார்கள். யார் வேண்டுமானாலும் போய்ப் பேசியிருக்கலாம். நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களின் அனுபவம் என் கையில் இருந்தது. நான் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் நடந்தது. 2021-ல் எங்கள் பேட்ச்சுகளை நாங்களே ஆராய்ந்தபோது ஒன்றில் ஓட்டை தெரிந்தது. டேபிளின் சொந்தக்காரரை மாற்றி, வாடிக்கையாளர் தன் கோடை சூப்பர்யூசர் உரிமையோடு ஓடவைக்க முடியும். யாரும் அதைப் பயன்படுத்தவில்லை என்று உறுதி செய்துகொள்ளும்வரை இரண்டு இரவு தூங்கவில்லை. அடுத்த ஆண்டே விஸ் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், கிளவுட் நிறுவனங்கள் இதே காரணத்துக்காக போஸ்ட்கிரஸில் தாங்களாகச் செய்துகொண்ட மாற்றங்களில் ஓட்டைகள் இருந்ததை வெளியிட்டார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட பெரிய நிறுவனங்கள் அதில் இருந்தன. படித்தபோது, முன்பின் தெரியாத ஒருவர் என் வீட்டுப் பின்வாசலைப் பற்றிப் பேசுவது போல இருந்தது. போஸ்ட்கிரஸ் கோடை உலகமே பார்க்கிறது. என் 23 பேட்ச்சைப் பார்த்தது நான்கு பேர்.

"பெரிய கம்பெனிக்கு ஆள் இருக்கே, அவங்க சமாளிப்பாங்க" என்று பையன் கேட்டான். 2009-ல் லினக்ஸ் கெர்னல் (லினக்ஸ் ஓ.எஸ்.-ஸின் மையப் பகுதி) உருவாக்குநர்கள் கூட்டத்தில் கூகுளே தன் கதையைச் சொல்லியிருக்கிறது. கெர்னலின் 2.6.26 பதிப்பின் மேல் அவர்கள் வைத்திருந்த சொந்த பேட்ச்சுகள் 1,208, கிட்டத்தட்ட 3 லட்சம் வரி. இதற்கென்று சுமார் 30 பொறியாளர்கள். புதிய கெர்னலுக்கு மாறுவது 17 மாதத்துக்கு ஒருமுறை. அவர்களுக்கே அது வலித்தது. அதே கூகுள் ஆட்கள் தலைமடைக்கு அனுப்பிய சிகுரூப்ஸ் (ஒவ்வொரு புரோகிராமும் மெஷினின் மெமரி, சி.பி.யு.வில் எவ்வளவு எடுக்கலாம் என்று கட்டுப்படுத்தும் வசதி), 2008 ஜனவரியில் 2.6.24-ல் சேர்ந்தது. இன்று கிளவுடில் மென்பொருளை ஓட்டப் பயன்படும் டாக்கரும் குபெர்னெட்டஸும் அதன் மேல்தான் நிற்கின்றன. அதைப் பராமரிப்பதில் இன்று உலகமே பங்கெடுக்கிறது.

சரி, அவசரம் என்றால் என்ன செய்வது? கையில் வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் அதே வாரம் பிரச்சினையை மேலே எழுதிவிடுங்கள். பேட்ச்சை அல்ல, பிரச்சினையை: "எங்கள் வாடிக்கையாளர்களுக்கு இது முடியவில்லை, காரணம் இது." தீர்வை அவர்கள் வேறு மாதிரி யோசிக்கலாம். நம் பேட்ச்சின் தலையில் அந்த விவாதத்தின் முகவரியையும், இதைத் தூக்க வேண்டிய தேதியையும் எழுதிவையுங்கள். தேதி இல்லாத பேட்ச்சை நான் இப்போது ரிவ்யூவில் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

போட்டுவிட்டு ஓடிவிடுவது

மேலே அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது. 2009 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் தன் ஹைப்பர்-வி (ஒரே மெஷினில் பல மெய்நிகர் மெஷின்களை ஓட்டும் மென்பொருள்) டிரைவர்களை, சுமார் 20,000 வரி, லினக்ஸுக்குக் கொடுத்தது. பெரிய செய்தி. சில மாதத்திலேயே, அவர்களிடமிருந்து பதிலே வருவதில்லை, இப்படியே போனால் எடுத்துவிட வேண்டியதுதான் என்று பராமரிப்பாளர் கிரெக் குரோவா-ஹார்ட்மன் வெளிப்படையாக எழுதினார். அப்புறம் திரும்பி வந்து ஒழுங்காகவே செய்தார்கள். சேர்த்த பிறகு வரும் பிழைகளுக்குப் பதில் சொல்ல ஆள் ஒதுக்க முடியாதென்றால், அதை முதலிலேயே சொல்லிவிடுவது மரியாதை.

லைசென்ஸை மட்டும் படித்துவிட்டு நம்புவது

2024 மார்ச் 20 வரை ரெடிஸ் என்ற டேட்டாபேஸ், யாரும் தாராளமாகப் பயன்படுத்த விடும் பி.எஸ்.டி. லைசென்ஸில் இருந்தது. அன்று, அடுத்த பதிப்பிலிருந்து அப்படி இல்லை என்று அறிவித்தார்கள். எட்டே நாளில், ரெடிஸ் 7.2.4-ஐ எடுத்துக்கொண்டு லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் வால்கீ என்ற தனித் திட்டம் பிறந்தது. பின்னால் அமேசான், கூகுள், ஆரக்கிள் எல்லாம் நின்றன. பணம் இருந்தது என்பதால் மட்டும் அது அவ்வளவு வேகமாக நடக்கவில்லை. ரெடிஸின் பராமரிப்பாளர் குழுவிலேயே அமேசான், அலிபாபா ஊழியர்கள் இருந்தார்கள், கோடு அவர்களுக்கு அத்துப்படி. பயன்படுத்த மட்டும் தெரிந்தவர்களால் அது ஆகியிருக்காது.

'கிளவுட்காரர்கள் எங்கள் உழைப்பில் சம்பாதித்துக்கொண்டு ஒன்றும் தருவதில்லை' என்று இப்படி லைசென்ஸை மாற்றும் நிறுவனங்கள் சொல்வதில் நியாயமே இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. 23 பேட்ச்சைப் பூட்டிவைத்திருந்தவன் நான். ஆனால் ஒரு திட்டத்தின் மேல் சேவை கட்டுவதற்கு முன், அதன் பெயர் யாருக்குச் சொந்தம், கோடைச் சேர்க்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். எல்லாம் ஒரே நிறுவனத்திடம் என்றால் லைசென்ஸ் எப்போது வேண்டுமானாலும் மாறலாம். போஸ்ட்கிரஸின் மையக் குழுவில் ஒரே நிறுவனத்து ஆட்கள் பாதிக்கு மேல் இருக்கக்கூடாது என்பது அவர்களுடைய நெடுநாள் வழக்கம்.

கோடு மட்டும்தான் பங்களிப்பு என்று நினைப்பது

போஸ்ட்கிரஸில் நீங்கள் ஒரு பேட்ச் அனுப்பினால், அதே அளவு கடினமான இன்னொருவரின் பேட்ச்சை ரிவ்யூ செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். புதியவர்கள் இதைத் தண்டனை போலப் பார்க்கிறார்கள். நான் அந்தக் கோடைக் கற்றதே இப்படித்தான்.

2024 மார்ச்சில் எக்ஸ்.இசட். என்ற, கோப்புகளைச் சுருக்கும் மென்பொருள் நூலகத்தில் ஒளித்துவைக்கப்பட்ட பின்வாசலைக் கண்டுபிடித்த ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், மைக்ரோசாஃப்ட் சம்பளத்தில் போஸ்ட்கிரஸ் வேலை செய்பவர். போஸ்ட்கிரஸின் வேகத்தை அளந்துகொண்டிருந்தபோது தூரத்து சர்வருக்குள் நுழையும் எஸ்.எஸ்.ஹெச். லாகின் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து, விடாமல் தோண்டினார். எந்தக் காலாண்டு இலக்கிலும் இந்த வேலையை எழுத முடியாது.

அனுமதியைக் கடைசியில் கேட்பது

வேலைக்குச் சேர்ந்த வாரமே, வெளித் திட்டங்களுக்குக் கோடு அனுப்பக் கம்பெனியிடம் அனுமதி கேட்டுவிடுங்கள். தயாரான பேட்ச் சட்டப் பிரிவுக்குப் போனால் அங்கேயே நரைத்துவிடும்.

டி-ஷர்ட்டுக்காக அனுப்புவது

2020 அக்டோபரில் டிஜிட்டல் ஓஷன் என்ற கிளவுட் நிறுவனம் நடத்திய ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற ஓப்பன் சோர்ஸ் நிகழ்வில், நான்கு மாற்றம் அனுப்பினால் டி-ஷர்ட் என்பதற்காகப் பல திட்டங்களில் குப்பை குவிந்தது. நான்கு நாளுக்குள் விதியையே மாற்ற வேண்டியதாயிற்று. வேண்டாம்.

பையன் தன் பிரச்சினையை மேலே எழுதிவிட்டான். இரண்டாவது பதிலிலேயே ஒருவர், 40 வரியில் 30 தேவையில்லை, அந்த வேலையைச் செய்ய ஏற்கெனவே ஒரு ஃபங்ஷன் இருக்கிறது என்று காட்டினார். இப்போது 10 வரி. இன்னும் சேர்க்கவில்லை. அதுவரை, முன்பின் தெரியாத ஒருவருடைய 300 வரி பேட்ச்சை ரிவ்யூ செய்துகொண்டிருக்கிறான். அந்த ஆள் கமென்ட்டே எழுதவில்லை என்று நேற்று மதியம் முழுக்க என்னிடம் புலம்பினான்.