ஐம்பது வயதுக்குப் பின் கால் வலுவைக் காப்பது எப்படி?

பாஸ்டன் நகர முதியோர் இல்லம் ஒன்றில் 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு மருத்துவ ஆய்வாளர் மரியா ஃபியாட்டரோன் குழுவினர் எட்டு வாரம் கடுமையான எடைப் பயிற்சி அளித்ததில், அதை நிறைவு செய்தவர்களின் தொடைத் தசை வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியதை 1990-இல் பதிவு செய்தார்கள். அந்த வயதிலும் மீளக்கூடிய ஒன்றை ஐம்பதிலேயே கைவிட்டுவிடுவது பெரும் இழப்பு என்றே நான் கருதுகிறேன்.

வயது ஏறும்போது, விரைந்து சுருங்கும் தசை நார்களே முதலில் தேய்கின்றன. கால் இடறும்போது சட்டென ஊன்றிக்கொள்ள உதவுபவை அவைதாம் என்பதால், அவை குறைந்தவருக்குச் சிறு இடறலும் இடுப்பெலும்பு முறிவில் முடியலாம். உணவுக்குப் பின் இரத்தச் சர்க்கரையைப் பெருமளவு உள்வாங்குவதும் தசைதான். ஆகவே நீரிழிவு உள்ளவர்களுக்குத் தசையை வலுவாக வைத்திருப்பதில் இரட்டைப் பயன் உண்டு.

முதலில் இன்றைய நிலையை அளந்துகொள்ளுங்கள். கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்றைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, ஐந்து முறை முழுமையாக எழுந்து அமருங்கள். ஐந்தாம் முறை நிமிர்ந்து நிற்கும் வரை ஆகும் நேரத்தை அருகில் இருப்பவர் கணக்கிடட்டும். 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால், ஆசிய மருத்துவர் குழு 2019-இல் வகுத்த அளவுகோலின்படி, தசைத் தேய்வு இருக்கக்கூடும். கெண்டைக்காலின் பருத்த பகுதியின் சுற்றளவு ஆணுக்கு 34 செ.மீ.க்கும் பெண்ணுக்கு 33 செ.மீ.க்கும் குறைவாக இருப்பதும் ஓர் அறிகுறியே.

பயிற்சியையும் அதே நாற்காலியில் தொடங்கலாம். மூச்சை விட்டபடி எழுந்து, மூன்று நொடி எடுத்துக்கொண்டு மெல்ல அமர வேண்டும். தொப்பென்று விழுந்து அமர்ந்தால் பயனில் பாதி போய்விடும். பத்து முறை செய்து, இரண்டு நிமிடம் ஓய்வெடுத்து, மேலும் இரண்டு சுற்றுகள் செய்யுங்கள். கடைசி இரண்டு முறை எழுவது சிரமமாக இருந்தால்தான் சுமை சரியான அளவில் உள்ளது என்று பொருள். எளிதாகிவிட்டால், இரண்டு கிலோ அரிசியைப் பையில் இட்டு மார்போடு அணைத்தபடி எழுங்கள். பிறகு எடையைப் படிப்படியாகக் கூட்டுங்கள். சுவரில் கை ஊன்றித் தள்ளுவதையும் குதிகாலை உயர்த்தி இறக்குவதையும் சேர்த்துக்கொண்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தால் போதும்.

"தினமும் நடக்கிறேனே, அது போதாதா?" என்று பலரும் கேட்கிறார்கள். நடை இதயத்துக்கு நல்லது. ஆனால் தசைக்கு வேண்டிய சுமையை அது தருவதில்லை. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம், வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்போடு இரண்டு நாள் தசைப் பயிற்சியையும் தனியே வலியுறுத்துகிறது.

பயிற்சிக்கு ஈடான உணவும் வேண்டும். முதியவர்களுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் பரிந்துரைக்கப்படுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 72 கிராம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம்தான் உண்டு என்பதால், காலையில் இட்லியும் சட்னியும் மட்டும் உண்பவர் இந்த அளவை எட்டுவது கடினம். சுண்டல், பருப்பு, தயிர், மீன் ஆகியவற்றை மூன்று வேளைக்கும் பகிர்ந்து உண்ணுங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

மறுநாள் தசையில் தோன்றும் லேசான வலி இயல்பானது. மூட்டில் குத்தும் வலியோ, நெஞ்சு இறுக்கமோ, தலைச்சுற்றலோ ஏற்பட்டால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். மூன்று மாதம் கழித்து அதே நாற்காலியில் மீண்டும் நேரத்தைக் கணக்கிட்டு, குறையவில்லையெனில் சுமையையும் புரதத்தையும் சரிபாருங்கள்.