சங்கத்தின் முதல் கல்லூரி உதவித்தொகை: புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு ஒரு செய்முறை

அமெரிக்காவின் சின்னச் சின்ன ஊர்களில் ரோட்டரி, லயன்ஸ், கிவானிஸ் போன்ற சேவைச் சங்கங்கள் வருடா வருடம் செய்யும் நல்ல காரியம் ஒன்று உண்டு. உள்ளூர் ஹைஸ்கூலில் 12ஆம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளுக்குக் கல்லூரிப் படிப்புக்கு உதவித்தொகை கொடுப்பார்கள். இங்கே குடியேறிய நம்மவர்கள் பலரும் இந்தச் சங்கங்களில் சேர்கிறார்கள். சேர்ந்த இரண்டாம் வருடமே, "ஸ்காலர்ஷிப் கமிட்டியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பொறுப்பு கைக்கு வந்துவிடும். எனக்கும் அப்படித்தான் வந்தது.

முதல் வருடம் எங்கள் விண்ணப்பம் ஒன்பது பக்கம். மூன்று கட்டுரை, இரண்டு சிபாரிசுக் கடிதம், பெற்றோரின் வரிக்கணக்கு நகல். வந்தவை மொத்தம் ஆறு. ஆறுமே அப்பா அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்த்துக் கொடுத்தவை என்று பார்த்தாலே தெரிந்தது. அந்தப் பள்ளியில் மாணவர்களுக்குப் படிப்பு, கல்லூரி விஷயங்களில் வழிகாட்டும் கவுன்சிலர் பிற்பாடு என்னிடம் சொன்னார்: "பணம் தேவைப்படுகிற பிள்ளை சாயங்காலம் வேலைக்குப் போய்விடுகிறது. இதை நிரப்ப அதற்கு நேரம் ஏது?" அன்றிலிருந்து எந்த விதியை எழுதினாலும், வேலை முடிந்து இரவு பத்து மணிக்கு வீடு திரும்பும் பிள்ளையை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன். கீழே வருவதெல்லாம் அப்படிக் கற்றுக்கொண்டதுதான்.

படி 1: யாருக்கு, எவ்வளவு

முதல் கூட்டத்தில் எல்லோரும் படிவத்தைப் பற்றியே பேசுவார்கள். அதைத் தள்ளிவைத்துவிட்டு, இந்தப் பணம் யாருக்கு என்று ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். எங்களுடையது இது: "எங்கள் ஊர் ஹைஸ்கூலை முடித்துக் கல்லூரியிலோ தொழிற்பள்ளியிலோ சேரும், பணத் தேவையுள்ள, பிறருக்காகத் தன் நேரத்தைக் கொடுத்த மாணவர்." பின்னால் வரும் வாக்குவாதம் பலவற்றை இந்த வாக்கியம்தான் தீர்த்து வைக்கும். தொழிற்பள்ளியை விட்டுவிடாதீர்கள். வெல்டிங் கற்கப் போகும் பையனுக்கும் எலக்ட்ரீஷியன் ஆக நினைக்கும் பெண்ணுக்கும் இந்தப் பணம் அவ்வளவே முக்கியம்.

அப்புறம் தொகை. கையில் 4,000 டாலர் இருந்தால் நான்கு பேருக்கு ஆயிரம் கொடுப்பதா, எட்டுப் பேருக்கு ஐந்நூறு கொடுப்பதா? நான் ஆயிரம் பக்கம்தான். குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மத்திய அரசு தரும் பெல் உதவி 2025-26இல் அதிகபட்சம் 7,395 டாலர். உள்ளூர் கம்யூனிட்டி காலேஜில் (குறைந்த கட்டணத்தில் இரண்டு வருடப் படிப்புத் தரும் அரசுக் கல்லூரி) சேர்ந்தால் கட்டணத்தில் பெரும்பகுதியை, பல இடங்களில் முழுவதையும், அதுவே பார்த்துக்கொள்ளும். மிச்சம் நிற்பது புத்தகம், லேப்டாப், தினமும் போய்வரும் செலவு. அந்த இடத்தில் ஆயிரம் டாலர் நன்றாகத் தாங்கும்.

நான்கு வருடமும் தருவதாக எடுத்த எடுப்பில் வாக்குக் கொடுக்காதீர்கள். வருடத்துக்கு இரண்டு புதியவர், ஆளுக்கு ஆயிரம் என்றாலே நான்காம் வருடம் எட்டுப் பேருக்கு 8,000 டாலர் வேண்டியிருக்கும். வங்கியில் இருக்கும் பணத்தை மட்டும் அறிவியுங்கள்.

படி 2: பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது

இதில் பலர் இடறுகிறார்கள். அமெரிக்காவில் ரோட்டரி, லயன்ஸ் சங்கங்கள் பெரும்பாலும் வரிச் சட்டத்தின் 501(சி)(4) பிரிவில் வருபவை. சங்கத்துக்கு வருமான வரி இல்லை. ஆனால் அதற்கு நன்கொடை கொடுப்பவர் அந்தத் தொகையைத் தன் வரியில் கழித்துக்கொள்ள முடியாது. அதற்கு 501(சி)(3) பிரிவில் வரும் அறக்கட்டளை வேண்டும். பல சங்கங்கள் இதற்காகவே தனியாக ஒன்றைப் பதிவு செய்து வைத்திருக்கின்றன. உங்கள் சங்கம் எந்தப் பிரிவு என்று பொருளாளரிடம் கேட்காமல் "வரிவிலக்கு உண்டு" என்று துண்டறிக்கையில் அச்சடித்துவிடாதீர்கள்.

சிறிய சங்கமாக இருந்தால் அந்த வட்டாரத்துச் சமூக அறக்கட்டளையிடம், அதாவது ஊரில் பலர் தரும் நிதிகளை ஒரே இடத்தில் வைத்து நிர்வகிக்கும் அமைப்பிடம், நிதியை ஒப்படைப்பது சுலபம். 1914இல் கிளீவ்லாந்தில் தொடங்கிய ஏற்பாடு இது, இன்று நாடு முழுக்க இருக்கிறது. கணக்கு வழக்கை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், அதற்கு ஒரு கட்டணம் எடுப்பார்கள்.

பொதுமக்களிடம் திரட்டிய பணத்தைச் சங்கத்தின் நிர்வாகச் செலவோடு கலக்கக் கூடாது. லயன்ஸ் சங்கங்களுக்கு இது விதியாகவே இருக்கிறது, மற்றவர்களும் அப்படியே செய்வது நல்லது. பெரிய நன்கொடையாளர் கிடைக்கவில்லையே என்று தயங்கவும் வேண்டாம். 1958இல் மாசசூசெட்ஸின் ஃபால் ரிவர் என்ற ஆலைத் தொழிலாளர் ஊரில், இர்விங் ஃப்ராட்கின் என்ற கண் பரிசோதகர் ஊரார் ஒவ்வொருவரிடமும் ஒரு டாலர் கேட்டுத்தான் உதவித்தொகை நிதியைத் தொடங்கினார். இன்றைய ஸ்காலர்ஷிப் அமெரிக்கா என்ற பெரிய அமைப்பு அதிலிருந்து வளர்ந்ததுதான்.

படி 3: விதிகள்

ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். கமிட்டியில் இருப்பவர்களின் பிள்ளைகளும் உறவினரும் விண்ணப்பிக்கக் கூடாது என்பதைக் கண்டிப்பாக எழுதுங்கள். மதிப்பெண் வரம்பு வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் ஜிபிஏ (4க்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) 2.5 போதும். 3.5 என்று வைத்தால், வாரம் இருபது மணி நேரம் வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் பிள்ளை வாசலிலேயே நின்றுவிடும்.

படி 4: படிவம்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுங்கள். இரண்டு பக்கம், போனிலேயே நிரப்பும்படி இருக்க வேண்டும். வீட்டில் கணினி இல்லாத பிள்ளைக்காகத் தாள் பிரதியும் கவுன்சிலர் அறையில் இருக்கட்டும்.

சோஷியல் செக்யூரிட்டி எண்ணை (அரசு ஒவ்வொருவருக்கும் தரும் அடையாள எண்) கேட்காதீர்கள், பெற்றோரின் வரிக்கணக்கையும் கேட்காதீர்கள். இவற்றைப் பத்திரமாக வைக்கச் சங்கத்திடம் வசதி கிடையாது, இவற்றைப் பார்த்தவுடன் சில குடும்பங்கள் படிவத்தை மூடிவைத்துவிடும். பணத் தேவையைக் காட்ட வேறு வழி இருக்கிறது. கல்லூரி நிதியுதவிக்கான மத்திய அரசுப் படிவம் ஃபாஃப்சா. அதை நிரப்பினால் வரும் சுருக்கத்தில் 'மாணவர் உதவிக் குறியீடு' என்று ஒரு எண் இருக்கும். எண் குறையக் குறையத் தேவை அதிகம். 'விருப்பமிருந்தால் இதைத் தரலாம்' என்று மட்டும் எழுதுங்கள், ஏனென்றால் குடியேற்ற நிலை காரணமாக ஃபாஃப்சா நிரப்ப முடியாத மாணவர்களும் அதே வகுப்பில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டு நிலைமையை நான்கு வரியில் எழுதினால் போதும்.

மதிப்பெண் பட்டியலை மாணவரே பள்ளியிலிருந்து வாங்கி இணைக்கட்டும். மாணவர் பதிவேடுகளைப் பாதுகாக்கும் 1974ஆம் வருடச் சட்டப்படி, 18 வயது ஆகும்வரை பெற்றோரும் அதன் பிறகு மாணவரும் சம்மதிக்காமல் பள்ளி அதை வெளியாட்களிடம் பொதுவாகத் தராது.

சிபாரிசுக் கடிதம் ஒன்று போதும். ஆசிரியர்தான் எழுத வேண்டும் என்றில்லை, வேலை பார்க்கும் இடத்து மேலாளரும் எழுதலாம் என்று குறிப்பிடுங்கள்.

கட்டுரையும் ஒன்றே ஒன்று, 300 சொல். "தலைமைப் பண்பு என்றால் என்ன?" என்று கேட்டால் எல்லோரிடமிருந்தும் ஒரே கட்டுரைதான் வரும். நாங்கள் இப்போது கேட்பது இது: "போன வாரம் திங்கள் முதல் ஞாயிறு வரை, பள்ளி நேரம் போக, உங்கள் நேரம் எப்படிக் கழிந்தது என்று எழுதுங்கள்." இதற்குப் பதில் எழுத அகராதி வேண்டாம், அப்பா அம்மாவின் உதவியும் வேண்டாம்.

படி 5: நாட்காட்டி

ஃபாஃப்சா வழக்கமாக அக்டோபர் 1 அன்று திறக்கும். ஜனவரியில் கவுன்சிலரை நேரில் பார்த்துப் படிவத்தைக் கொடுங்கள், மார்ச் நடுவில் கடைசித் தேதி வையுங்கள், ஏப்ரல் மூன்றாம் வாரத்துக்குள் முடிவைச் சொல்லிவிடுங்கள். பெரும்பாலான கல்லூரிகளுக்கு மே 1க்குள் பதில் சொல்ல வேண்டும், எவ்வளவு பணம் வருகிறது என்று அதற்கு முன்பே பிள்ளைக்குத் தெரிய வேண்டும். வசந்த விடுமுறை வாரத்தில் மட்டும் கடைசித் தேதி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: படித்து மதிப்பிடுவது

செயலாளர் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் பெயரையும் முகவரியையும் மறைத்து ஒரு எண் போடட்டும். சின்ன ஊரில் குடும்பப் பெயரைப் பார்த்தாலே யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிடும். ஒவ்வொன்றையும் மூன்று பேர் தனித்தனியாகப் படித்து மதிப்பெண் போட்ட பிறகுதான் ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டும். எங்கள் கணக்கு: பணத் தேவை 40, பிறருக்குக் கொடுத்த நேரம் 30, படிப்பும் அடுத்த திட்டமும் 20, சிபாரிசு 10. எழுத்து நடைக்கு மதிப்பெண் கிடையாது.

ஒரு ஏப்ரல் மாலை, நூலகத்தின் பின்னறையில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம். 14ஆம் எண் விண்ணப்பத்தில் தொண்டு நேரம் என்ற கட்டம் காலியாக இருந்தது. எங்களில் ஒருவர் 30க்கு 0 போட்டிருந்தார், நான் 28 போட்டிருந்தேன். தலைவர் இருவரையும் பார்த்துவிட்டு, கட்டுரையைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். செவ்வாயும் வியாழனும் நாலரை முதல் ஒன்பது வரை மளிகைக் கடையில் கவுண்டர் வேலை. புதன் மாலை தம்பிக்குக் கணக்குப் பாடம். சனிக்கிழமை பக்கத்து வீட்டுப் பாட்டியை டயாலிசிஸுக்கு அழைத்துப்போய், நர்ஸ் சொல்வதைப் பாட்டியின் மொழியில் எடுத்துச் சொன்னது. ஞாயிறு முழுக்கத் துணி துவைத்தது. கடைசி வரி, "மீதி நேரத்தில் தூங்கினேன்."

தலைவர் எங்கள் வாக்கியத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். பிறருக்காகத் தன் நேரத்தைக் கொடுத்த மாணவர் என்றுதான் அதில் இருக்கிறது, சான்றிதழ் வாங்கிய மாணவர் என்று இல்லை. பூஜ்யம் போட்டவர் தாமாகவே பேனாவை எடுத்துத் திருத்தினார். மறு வருடம் அந்தக் கட்டத்தைப் படிவத்திலிருந்தே எடுத்துவிட்டோம்.

யாரை, ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று அன்றே எழுதி, மதிப்பெண் தாள்களோடு கோப்பில் வையுங்கள். பெறுபவரின் பெயர், முகவரி, தொகை, நோக்கம், சங்கத்தாரோடு உறவு உண்டா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். வரித்துறை கேட்டால் காட்ட வேண்டியது இதுதான்.

கிடைக்காத பிள்ளைகளுக்கும் கடிதம் போடுங்கள். அவர்கள் எழுதியதிலிருந்து ஒரு விஷயத்தையாவது குறிப்பிட்டு, கையால் நான்கு வரி எழுதினால் போதும்.

படி 7: பணத்தைக் கொடுப்பது

விழாவில் பெரிய அட்டைச் செக்கோடு படம் எடுப்பார்கள். 18 வயது ஆகாத பிள்ளையின் படத்தை வெளியிடப் பெற்றோரின் சம்மதத்தை முன்பே எழுத்தில் வாங்குங்கள். நிஜச் செக்கைப் பெரும்பாலான சங்கங்கள் கல்லூரிக்கே அனுப்புகின்றன. மாணவரின் பெயரும் கல்லூரி அடையாள எண்ணும் செக்கிலேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மாதக் கணக்கில் யாருடைய கணக்கிலும் சேராமல் கிடக்கும்.

இங்கே ஒரு ஆபத்து இருக்கிறது. வெளியிலிருந்து உதவித்தொகை வந்தால் மாணவர் அதைக் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். சில கல்லூரிகள் உடனே தாங்கள் தருவதாகச் சொன்ன மானியத்தில் அதே தொகையைக் குறைத்துவிடும். நாம் கொடுத்த ஆயிரம் கல்லூரிக்கு மிச்சமாகும், பிள்ளைக்குக் கூடுதலாக ஒன்றும் கிடைக்காது. அரசுக் கல்லூரிகள் இப்படிச் செய்வதை 2017இல் முதன்முதலாகக் கட்டுப்படுத்திய மாநிலம் மேரிலாண்ட். பிறகு வேறு சில மாநிலங்களும் சட்டம் கொண்டுவந்தன.

அதனால் செக்கோடு ஒரு கடிதம் வையுங்கள். இந்தத் தொகையை முதலில் மற்ற உதவிகள் போக இன்னும் பூர்த்தியாகாத தேவைக்கும், அடுத்துக் கடனையோ வளாக வேலையையோ குறைக்கவும் பயன்படுத்தும்படி கேட்டு, இரண்டு செமஸ்டருக்கும் பாதிப் பாதியாகப் பிரிக்கச் சொல்லுங்கள். அதற்கும் முன்பாக, மாணவரையே அந்த அலுவலகத்துக்குப் போன் செய்து, "எனக்கு ஆயிரம் வருகிறது, எதைக் குறைப்பீர்கள்?" என்று கேட்கச் சொல்லுங்கள். மானியத்தைக் குறைப்போம் என்றால் கமிட்டியிடம் திரும்பி வரட்டும், தொகையை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று பார்க்கலாம்.

பட்டம் அல்லது சான்றிதழ் படிப்பில் இருக்கும் மாணவர் இந்தப் பணத்தைக் கட்டணத்துக்கும், பாடத்துக்குத் தேவையான புத்தகம், கருவிகளுக்கும் செலவழித்தால் வருமான வரி இல்லை. விடுதி வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போகும் பகுதி வருமானமாகக் கணக்கிடப்படும். இதையும் கடிதத்தில் இரண்டு வரியாகச் சொல்லிவிடுங்கள்.

படி 8: ஜூலை மாதத்துப் போன்

மே மாதம் கைதட்டல் வாங்கிய பிள்ளைகளில் சிலர் ஆகஸ்டில் கல்லூரிக்குப் போவதே இல்லை. முன்பணம் கட்டும் தேதி தவறியிருக்கும், தடுப்பூசிச் சான்று கொடுத்திருக்க மாட்டார்கள், மருத்துவக் காப்பீட்டுக் கட்டணம் என்று திடீரென ஒரு பில் வந்து பயமுறுத்தியிருக்கும். பள்ளியின் கவுன்சிலருக்கும் அப்போது விடுமுறை, கேட்க ஆளே இருக்காது. ஜூலை நடுவில் கமிட்டியில் ஒருவர் எல்லோருக்கும் போன் போட வேண்டும். மூன்று கேள்வி போதும்: கல்லூரி மின்னஞ்சலைத் திறந்து பார்த்தாயா, பில் வந்ததா, என்னென்ன பேப்பர் கேட்டிருக்கிறார்கள்?

14ஆம் எண் பெண்ணுக்கு நான்தான் போன் செய்தேன். காப்பீட்டுக்கு ஒரு பெரிய தொகை கேட்டு வந்திருந்தது, அவளுக்கு ஏற்கெனவே அரசுக் காப்பீடு இருந்தது. அந்தக் கட்டணம் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் படிவத்தைத் தேடி எடுக்க எங்கள் இருவருக்கும் பதினைந்து நிமிடம் ஆனது.