மொட்டை மாடிப் பந்தலா? டிசம்பரை நினைத்துக் கட்டுங்கள்

சென்னையில் மாடியில் சொந்தக் கையால் பந்தல் போடும் ஆசை பெரும்பாலும் ஏப்ரல், மே மாதத்தில்தான் வரும். வெயில் தாங்காது, நிழல் வேண்டும், வெல்டிங் மெஷினும் இப்போது வீட்டு கரண்டில் ஓடும் அளவுக்குச் சின்னதாகக் கிடைக்கிறது, சரி நாமே கட்டிவிடலாம் என்று இறங்கிவிடுகிறோம். நல்ல ஆசை, கட்டாயம் செய்யுங்கள். ஆனால் வெயிலை மட்டும் மனதில் வைத்துக் கட்டுவதுதான் முதல் தவறு, மற்ற தவறுகளில் பாதி அதிலிருந்துதான் கிளம்புகிறது. பந்தலுக்கு உண்மையான பரீட்சை அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் முடியும்.

முதலில் கூரை. பத்துக்குப் பத்து அடியில் தகர ஷீட் போட்டுவிடலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது காற்று மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டியது. அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 47 கிலோ அழுத்தம் வரும். பத்துக்குப் பத்து ஷீட் என்றால் நானூறு கிலோவுக்கு மேல், அதுவும் மேல் நோக்கித் தூக்கும் விசையாக. பறந்து போனால் உங்கள் ஷீட் மட்டும் போகாது, பக்கத்து வீட்டு ஜன்னலும் சேர்ந்து போகும். முதல் முறை கட்டுகிறவர்கள் ஷீட்டை மறந்துவிடுங்கள். பச்சை நிழல் வலையோ, படரவிட்ட செடிக்கொடியோ போதும்.

காற்றுக்குப் பயந்து தளத்தில் டிரில் போட்டு போல்ட் இறக்குவது அடுத்த தவறு, என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் மோசம். தட்டோட்டுக்குக் கீழே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்துப் போட்ட சுருக்கி இருக்கிறது, மழைத் தண்ணீர் உள்ளே இறங்காமல் காப்பது அந்த அடுக்குதான். அதில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் அங்கேயே கீழே சொட்டாது, சுருக்கிக்குள்ளேயே பரவி எங்கோ ஹால் மூலையில் ஈரமாக வந்து நிற்கும், எங்கிருந்து ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது. கைப்பிடிச் சுவரில் கட்டிவிடலாமே என்றால், நாலரை அங்குலச் செங்கல் சுவர் பக்கவாட்டு இழுப்பைத் தாங்காது.

இதற்குப் பதில் இருபது லிட்டர் பெயின்ட் பக்கெட். அதில் பந்தல் காலை நிறுத்தி கான்கிரீட் நிரப்பினால் ஒன்று ஐம்பது கிலோ அளவுக்கு வரும், நான்கும் சேர்ந்து இருநூறு. ஷீட்டுக்கு இது போதாது, வலைப் பந்தலுக்குப் போதும். பக்கெட்டுகளை மாடி நடுவில் வைக்காமல் கீழே சுவரோ பீமோ ஓடும் இடமாகப் பார்த்து வையுங்கள். கான்கிரீட்டின் மேல் முகத்தைக் கரண்டியால் காலிலிருந்து வெளிப்பக்கம் சரியும்படி தேய்த்துவிடுங்கள். சமமாக விட்டால் கால் இறங்கும் இடத்தில் தண்ணீர் தேங்கி, சரியாக அந்தக் கோட்டில்தான் இரும்பு அரிக்கும். ஒரு வாரமாவது ஈரச் சாக்கு போட்டு வையுங்கள், மறுநாளே பந்தலைத் தூக்கி நிறுத்த அவசரப்படாதீர்கள்.

இரும்பு வாங்கும்போது, சதுர பைப் இருபது அடி நீளத்தில் வரும், அது எந்த மாடிப்படியிலும் திரும்பாது. அளவு எழுதிக்கொண்டு போய்க் கடையிலேயே வெட்டி வாங்குங்கள். எட்டடிக் கால் நான்குக்கு இரண்டு பைப், ஒவ்வொன்றிலும் நாலடி மிச்சம். அதைத் தூக்கிப் போடாதீர்கள், ஓரடி ஓரடியாக வெட்டினால் எட்டுத் துண்டு, நான்கு காலுக்கும் இரண்டு பக்கமும் சாய்வு சப்போர்ட் வைக்கச் சரியாக இருக்கும். மூலைச் சப்போர்ட் இல்லாத பந்தல் வெல்டிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும் காற்றில் ஆடும், ஆடி ஆடி ஜாயின்ட் விரிசல் விடும். பைப்பின் திறந்த வாயை மூடுங்கள், வெல்டிங் செய்த இடத்தைத் தேய்த்து அன்றைக்கே ரெட் ஆக்சைடு அடியுங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக்காற்று ஒரு வாரம்கூடப் பொறுக்காது. துருப்பிடிக்காதே என்று ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்பு பைப்) வாங்கி வெல்டிங் செய்கிறவர்கள் ஜாக்கிரதை, அதிலிருந்து வரும் துத்தநாகப் புகையைச் சுவாசித்தால் அன்று ராத்திரியே குளிர்காய்ச்சல் வரலாம்.

அப்புறம் இரும்பு வெட்டும் கிரைண்டர். மூடியைக் கழற்றிவிட்டு, லுங்கியும் ஹவாய் செருப்புமாக ஓட்டுவதை எத்தனையோ பட்டறைகளில் பார்த்திருப்பீர்கள். அவர்கள் செய்கிறார்களே என்று தயவுசெய்து நீங்கள் செய்யாதீர்கள். நாலு அங்குல கிரைண்டர் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும், டிஸ்க் உடைந்தால் முகத்துக்குத்தான் வரும். மரம் வெட்டும் பல் டிஸ்க்கை அதில் மாட்டவே வேண்டாம். மாடிக்கு இழுக்கும் ஒயரை 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள லைனிலிருந்து மட்டும் எடுங்கள்.

அபார்ட்மெண்ட்டாக இருந்தால் மாடி பொதுவானது, முதல் பைப் வாங்கும் முன்பே அசோசியேஷனில் பேசிவிடுங்கள்.

கடைசியாக வலை. அதைப் பந்தலோடு கட்டுக்கம்பியால் முறுக்கிவிடாதீர்கள். புயல் எச்சரிக்கை வந்ததும் ஒரே ஆள் பத்து நிமிடத்தில் அவிழ்த்துச் சுருட்டி உள்ளே வைக்கிற மாதிரி நைலான் கயிற்றில் உருவுமுடிச்சு போட்டுக் கட்டுங்கள்.